முகப்பில் பளிங்கு, உள்கட்டில் பூக்கல்

ஆத்தங்குடிக் கல் சூளையைப் பார்த்ததே இல்லை. பெயரில்தான் டைல்ஸ், நெருப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அழுத்தும் எந்திரம் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு சதுரச் சட்டம், ஓர் அச்சு, கொஞ்சம் சிமெண்ட், ஊர் மணல், நாலைந்து கிண்ணங்களில் வண்ணக் குழம்பு. பட்டறை என்றால் அவ்வளவுதான். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே இருக்கும் இந்தச் சிற்றூரின் பெயரைச் சென்னையிலும் பெங்களூரிலும் வீட்டு உள்ளலங்காரம் செய்பவர்கள் இன்று அடிக்கடி உச்சரிக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, பூஜையறை என்று எங்கு பார்த்தாலும் அந்தப் பூப்போட்ட தரை. ஆனால் அது பிறந்து வளர்ந்த செட்டிநாட்டின் மிகப் பெரிய வீடுகளில் முதல் மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. அது கப்பலில் வந்த கற்களுக்குப் போனது. ஊர்க்கல் உள்ளே தள்ளியே இருந்தது. அந்த வரிசைமுறைக்குள்தான் இந்தத் தரையின் கதையும், அதைக் கையாளத் தெரிந்தவர்களின் கெட்டிக்காரத்தனமும் இருக்கின்றன.

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்றால், கட்டுக்கட்டாக விரியும் முற்றங்களைத் தாண்டிப் பின்வாசலின் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோட்டில் ஒருவர் தலையைக் குனிந்தபடியே நடந்து போகலாம். சுவரையோ தூணையோ பார்க்காமலேயே, வீட்டின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று அவரால் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட முடியும்.

வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. முகப்பிலும் அதை அடுத்த கூடத்திலும் இத்தாலியப் பளிங்கு. பல வீடுகளில் வெள்ளையும் கறுப்புமாகச் சதுரங்கக் கட்டம். கணக்கு வழக்குப் பேச வருகிறவர், சம்பந்தம் பேச வருகிறவர், பெரிய அதிகாரி எல்லாரும் கால் வைக்கும் இடம் அது. அதைத் தாண்டினால் வளவு. நாற்புறமும் தூண் வரிசை, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கென்று வளவில் அறை உண்டு. மழையும் வெயிலும் நேராக விழும் முற்றத்தில் கருங்கல் பாவியிருப்பார்கள். அதைச் சுற்றிய தாழ்வாரத்தில்தான் வண்ணத்தரை தன் வேலையைக் காட்டும். அங்கிருந்து இரண்டாங்கட்டு. அதற்கும் பின்னால் அடுப்படி, ஆட்டுக்கல், அம்மி, உரல். வற்றல் காய்வதும் நெல் குத்துவதுமான அந்தப் பக்கத்தில் பூவேலைக்கு என்ன வேலை? கல்லோ வெறும் சிமெண்டோ போதும். காசு எங்கே தெரிய வேண்டுமோ அங்கே காசு, கை எங்கே உழைக்க வேண்டுமோ அங்கே உறுதி என்று கட்டியவர்கள் தெளிவாகவே பிரித்திருக்கிறார்கள்.

இந்தத் தரைகளை இன்றைய கண்ணால் பார்க்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் தரைதான் இருக்கை. முகப்பில் மேசை நாற்காலி இருந்திருக்கும். மாட்டியிருந்த ரவிவர்மா படத்துக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் பொருத்தமாகச் சில சோபாக்களும் இருந்திருக்கும். உள்ளே அப்படி இல்லை. பந்தி தரையில். பிள்ளைகள் படித்தது தரையில். ஆச்சிமார் தடுக்கு விரித்து உட்கார்ந்து கொட்டான் முடைந்ததும் தரையில். உட்காருகிறவரின் கண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இருக்காது. ஆகவே ஒரு கோடு வளைந்திருந்தாலும், நாலு கல் கூடும் முனையில் பூவின் இதழ் ஒரு நூல் விலகியிருந்தாலும் தினமும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். சோபாவும் கட்டிலும் மறைத்துவிடும் தரைக்கும் இதற்கும் வேலைப்பாட்டில் வித்தியாசம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று கோலம். நகரத்தார் வீட்டு நல்ல காரியங்களில் நடுவீட்டுக் கோலம் போடுவது வழக்கம்; அரிசி மாவைக் கரைத்து, விரலிடுக்கில் வழியவிட்டு இழுக்கும் மாக்கோலம். பூப்போட்ட தரையில் மாக்கோலம் எடுபடுமா? எடுபடாது. வீடெங்கும் ஒரே நெருக்கமான பூவேலையை நிரப்பாமல், ஓரத்தில் வேலைப்பாடு, நடுவில் ஒற்றை நிறம் என்று அங்கங்கே இடம் விட்டதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. வெறுமையான தரைக்கும் அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்துச் சதுப்பு நிலமெல்லாம் நெல்வயலாக மாறத் தொடங்கியது. நிலம் திருத்தும் விவசாயிக்குக் கடன் தர ஆங்கில வங்கிகள் முன்வரவில்லை. கொண்டுவிக்கப் போன செட்டியார் கொடுத்தார். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. இலங்கை, மலேயா, சைகோன் என்று மற்றத் துறைமுகங்களிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. கணவன்மார் மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது பணமும் வந்தது, பொருளும் வந்தது. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. ஐரோப்பாவிலிருந்து பளிங்கும் இரும்புத் தூணும் வண்ணக் கண்ணாடியும் வந்தன. பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940-களுக்கும் இடையே எழுந்தவை. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912-ஐச் சேர்ந்தது.

அந்தச் சரக்குகளோடு வந்து இறங்கியவைதான் வண்ண ஓடுகள். இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் டிரெண்ட் பகுதியில் செய்த தரை ஓடுகளும், ஜப்பானில் செய்த பளபளப்பான சுவர் ஓடுகளும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இடம்பிடித்தன. ஜப்பான் ஓடு கையால் தடவினால் மேடுபள்ளம் தெரியும் வகை. ரோஜாப்பூ, பழக்கூடை என்று ஐரோப்பியப் பாணியில் இருக்கும். இந்தியச் சந்தைக்கென்றே கிருஷ்ணரையும் லட்சுமியையும் வார்த்தும் ஜப்பானியர் அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்புச் சுவரில் இருக்கும் அதே வகை ஓட்டைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பழைய சீனர் வீடுகளின் வாசலில் இன்றும் பார்க்கலாம். வங்காள விரிகுடாவைச் சுற்றி வணிகம் செய்தவர்கள் எல்லாருக்கும் அழகு பற்றிய எண்ணம் ஒரே கப்பலில்தான் வந்திருக்கிறது.

ஆங்கில ஓட்டின் பூர்வீகம் மடாலயங்களில் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் துறவிகள் ஈரக் களிமண்ணில் அச்சு அழுத்திப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சுட்டார்கள். மேலே பூசிய வண்ணம் காலடியில் தேய்ந்துவிடும். உள்ளே இறங்கிய வண்ணம் ஓடு தேய்ந்தாலும் நிற்கும். மடாலயங்கள் ஒழிந்தபோது அந்தத் தொழிலும் மறைந்தது. 1830-இல் சாமுவேல் ரைட் என்பவர் இதை எந்திர முறையில் செய்யக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையில் பங்கு வாங்கிய ஹெர்பர்ட் மிண்டன், தோல்விக்கு மேல் தோல்வி கண்டும் விடாமல் செய்துபார்த்து, விக்டோரியா காலத்தின் தேவாலயத்திலிருந்து நாடாளுமன்றம் வரை தன் ஓட்டைக் கொண்டுபோனார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையின் தரையும், வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் தாழ்வாரங்களும் மிண்டன் ஓடுகளே. துறவிகளின் ஓடு, மிண்டன் ஓடு இரண்டும் சுட்ட மண்.

சிமெண்ட் இந்தக் கதைக்குள் வருவது பிரான்சிலிருந்து. தெற்கு பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் விவியே என்ற ஊர். பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் மலை, சிமெண்ட் சூளைகள். 1850-களில் அங்கே சுடாமலேயே வண்ண ஓடு செய்யும் முறை உருவானது. அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்று. அதன் மேல் உலர்ந்த கலவையைத் தூவு. பிறகு சாதாரணக் கலவை. கடைசியில் நீரழுத்த எந்திரத்தில் வைத்து நசுக்கு. உலர்ந்த கலவை மேலடுக்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எல்லாம் ஒரே கல்லாக இறுகிவிடும். சூளைக்கு விறகு வேண்டாம், சுடும்போது கோணிப்போகும் தொல்லை இல்லை. மிண்டன் ஓட்டின் அழகு, அதைவிடக் குறைந்த செலவில். இந்த முறை மத்தியதரைக் கடலைச் சுற்றி ஓடிப் பரவி, பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் போன இடமெல்லாம் போனது. கியூபாவில் ஹவானா, வியட்நாமில் சைகோன், இங்கே புதுச்சேரி.

அதைக் கலையாக்கியது பார்சலோனா. அங்கே 1904-இல் அந்தோனி கௌடி ஓர் அறுகோண ஓட்டை வரைந்தார். எஸ்கோஃபெட் நிறுவனம் அதை வார்த்தது. ஓர் ஓட்டில் எதுவும் முழுதாக இருக்காது. ஏழு ஓடுகள் சேர்ந்தால்தான் கடற்பாசியும் நத்தையும் ஆக்டோபஸும் உருவம் கொள்ளும். கறுப்பு வெள்ளைச் சண்டையே இல்லாத ஒற்றை நிறம். ஒரு வீட்டுக்கென்று வரைந்தது, நேரத்துக்கு வந்து சேராமல், அவர் அடுத்துக் கட்டிய காசா மிலாவின் தரைக்குப் போனது. தரையை விரிப்புப் போல நினைக்காமல், துண்டுகள் கூடி விளையாடும் பரப்பாக நினைத்ததற்கு அதைவிட நல்ல சான்று சொல்வது கடினம்.

இந்தியாவில் இந்தச் சிமெண்ட் ஓட்டைக் கையில் எடுத்த ஊர்களில் ஒன்று பம்பாய். சுதேசி உணர்வு சூடாக இருந்த 1922-இல் ஃபெரோஸ்ஷா சித்வா என்ற பார்சி, வெளிநாட்டு ஓட்டுக்கு ஈடான சிமெண்ட் ஓட்டை இங்கேயே செய்வது என்று தொழில் தொடங்கினார். நிறுவனத்துக்கு வைத்த பெயர் பாரத். அந்தக் காலத்தில் சிமெண்டே அரிய பொருள். 1904-இல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் செய்ய எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நின்றது. தமிழ்நாட்டில் மதுக்கரை ஆலை 1930-களில்தான் வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் டால்மியாபுரம். செட்டிநாட்டு வீட்டு வேலைகள் உச்சத்தில் இருந்த ஆண்டுகளும், சிமெண்ட் கைக்கெட்டும் பொருளாக மாறிய ஆண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆத்தங்குடித் தொழில் சூடுபிடித்தது இந்தச் சந்தியில்தான்.

வெளிநாட்டு ஓட்டைப் பார்த்துச் செய்ததுதான். அதில் ஒளிவுமறைவு தேவையில்லை. ஆரம்பகால வடிவங்களில் மிண்டன் பூவின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் பார்த்துச் செய்தவர்களிடம் நீரழுத்த எந்திரம் இல்லை. எந்திரம் தரும் வழவழப்பை எதைக் கொண்டு வரவழைப்பது? கண்ணாடி விடை சொன்னது. எந்திரம் மேலிருந்து நசுக்கித் தரும் முகத்தை, கண்ணாடி கீழிருந்து சும்மா கிடந்தே தந்துவிட்டது. பார்க்க எளிமையான மாற்றம். ஆனால் ஐரோப்பிய ஓட்டின் மங்கலான முகத்துக்கும் ஆத்தங்குடிக் கல்லின் மினுக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு கல் உருவாகும் வேகம் மலைக்க வைக்கும். துடைத்த கண்ணாடியைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிச் சதுரச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குள் அச்சு இறங்குகிறது. மெல்லிய உலோகத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த அச்சு அது. பூவின் இதழ், இலை, நட்சத்திரத்தின் முனை ஒவ்வொன்றும் ஒரு தனி அறை. வெள்ளைச் சிமெண்டும் நுண்மணலும் வண்ணப் பொடியும் சேர்த்துக் கரைத்த குழம்பைக் கரண்டியால் மொண்டு அறை அறையாக ஊற்றுகிறார் கைவேலைக்காரர். சிவப்புக்கு ஓர் அறை, மஞ்சளுக்கு ஓர் அறை, பச்சைக்கு ஒன்று. கை தடுமாறி ஒரு சொட்டு பக்கத்து அறையில் விழுந்தால் கல் வீண். குழம்பு நீர்த்திருந்தால் அச்சைத் தூக்கும்போது நிறங்கள் கலந்துவிடும். இறுகியிருந்தால் மூலைக்கு ஓடாது. அந்தப் பதம் எந்த அளவுக் கோப்பையிலும் இல்லை.

அச்சைத் தூக்கும் நொடிதான் வித்தை. நேராக மேலே, ஆட்டாமல், ஒரே இழுப்பு. நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலக்கவில்லை. உடனே சலித்த மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியைக் கை நிறைய அள்ளித் தூவுகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தை நிறுத்துகிறது. அதன் மேல் ஈரக் கலவை. கரணையால் மட்டம் தட்டினால் முடிந்தது. சட்டம் அடுத்த கண்ணாடிக்குப் போகிறது. இவ்வளவு நேரமும் வேலை செய்தவருக்குக் கல்லின் முகம் தெரியாது. அவர் பார்ப்பதெல்லாம் முதுகை. ஒருநாள் இறுகவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடி தானாகக் கழன்று வரும். அப்போதுதான் பூ தெரியும், பிழையும் தெரியும்.

பெரும்பாலான வடிவங்களில் ஒரு கல்லில் கால் பங்கு பூதான் இருக்கும். நாலு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் முழுப்பூ. அதே நாலைத் தலைகீழாகத் திருப்பினால் வேறொரு வடிவம். ஓரத்துக்குத் தனிக்கல், ஓரம் திரும்பும் மூலைக்குத் தனிக்கல். அறையின் அளவு கல்லின் அளவால் சரியாக வகுபடாதபோது மீதியை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்பதுதான் பதிக்கும் கொத்தனாரின் சாமர்த்தியம். நல்ல வேலையில் நடுப்பூ அறையின் நடுவிலிருந்து தொடங்கும். ஓரக்கோடு எங்கும் அறுபடாது. மிச்சம் விழும் விரற்கடை அகலம் சுவரோரத்து ஒற்றை நிறப் பட்டைக்குள் அடங்கிப் போகும். மோசமான வேலையில் சுவரோரத்தில் பாதிப்பூ வெட்டுண்டு கிடக்கும். பழைய வீடுகளில் தரை எங்கே மாறுகிறது என்று கவனித்தால் அது நிலைப்படியிலோ தூண்வரிசையிலோதான் இருக்கும். நடுக்கூடத்தில் திடீரென்று ஒரு வடிவம் நின்று இன்னொன்று தொடங்குவதைப் பார்க்க முடியாது.

பதித்த புதிதில் இந்தக் கல் ஏமாற்றும். மங்கலாக, சிமெண்ட் பூத்ததுபோல வெளுத்துக் கிடக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மினுக்கு வரும் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். ஆசிட் இந்தக் கல்லின் முகத்தையே தின்றுவிடும். தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும், அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும், முக்கியமாக நடக்க வேண்டும். வெறுங்கால் பட்டுப் பட்டுத்தான் மெருகு ஏறும். பழைய வீடுகளில் ஆள் நடமாட்டம் இருந்த தாழ்வாரம் பளபளக்க, பூட்டிக் கிடந்த அறையின் தரை மங்கியிருப்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

பூட்டிக் கிடக்கும் அறைகள் செட்டிநாட்டில் ஏராளம். 1930-களின் நெல்விலை வீழ்ச்சியில் கடன் திரும்பவில்லை. ஈடாக வைத்த நிலம்தான் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம், முடிவில் 25 ஆனது. பார்க்கச் சொத்துப்போல இருந்த அதுவே வினையானது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தது. கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தை மட்டும் கொண்டுவந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் போட்டது. வீடு கட்டும் காலம் முடிந்தது. வீடு இருந்தது, ஓடு மாற்றக் காசு இல்லை.

ஆத்தங்குடிப் பட்டறைகளுக்கு அடுத்த அடி ரசனை மாற்றத்தால் விழுந்தது. 1960-களுக்குப் பிறகு தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளில் மொசைக் வந்தது. பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து, காய்ந்ததும் எந்திரத்தால் தேய்த்து மெருகிட்ட தரை. அது வராத வீட்டில் காவி கலந்து இழைத்த சிவப்புச் சிமெண்ட் தரை. கொல்லையில் கடப்பாக்கல். பூப்போட்ட கல் தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்றாகிவிட்டது. பிறகு கிரானைட் வந்தது, குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாகப் பளபளக்கும் பீங்கான் ஓடு வந்தது. பெரிய சதுரம், இடைவெளி தெரியாத இணைப்பு, மறுநாளே குடிபோகலாம். அதோடு போட்டி போடக் கைவேலையால் முடியாது.

அதே காலத்தில் பெரிய வீடுகள் சில இடிபட்டன. பங்காளிகள் நாற்பது ஐம்பது பேராகப் பெருகி, உலகின் நாலு மூலையிலும் இருக்கும்போது பராமரிப்புக்கு ஒருமித்த கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு. தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து மாநகர ஓட்டல்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போயின. தரை அப்படிப் போக முடியாது. சாந்தில் அமிழ்த்திப் பதித்த கல்லைப் பெயர்த்தால் பாதி உடைந்தே வரும். கதவுக்கு வேறொரு வீடு கிடைக்கும். தரைக்கு அந்த வீட்டோடுதான் ஆயுள்.

மீட்சி சுற்றுலாவோடு வந்தது. காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம் முதலிய பழைய கட்டடங்கள் விருந்தினர் தங்கும் விடுதிகளாயின. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸை இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சீர்செய்தார்கள். ஆத்தங்குடியின் லட்சுமி விலாஸை, ஊர்க்காரர்கள் பெரிய வீடு என்று சொல்வதை, பார்க்கவும் படம்பிடிக்கவும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சினிமாக்காரர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். தமிழ்ப் படத்தில் ஜமீன் வீடு என்றால் அது பெரும்பாலும் இந்தப் பக்கத்து வளவுதான். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. திரையிலும் விடுதியிலும் பார்த்தவர்கள் அதே தரையைத் தங்கள் வீட்டுக்குக் கேட்டார்கள். ஆத்தங்குடிச் சாலையோரத்தில் பட்டறைகளின் பலகைகள் மறுபடி கூடின.

இன்றைய வடிவமைப்பாளர்கள் இந்தக் கல்லை எடுத்துக்கொண்ட விதத்தில் நல்ல கற்பனையும் உண்டு, அவசரமும் உண்டு. வெறும் சாம்பல்நிறத் தரையின் நடுவே, சாப்பாட்டு மேசைக்குக் கீழே மட்டும் ஓரக்கோட்டோடு ஒரு செவ்வகம் பதிப்பது பழைய வளவின் இலக்கணத்தை அடுக்குமாடி வீட்டுக்குச் சரியாக மொழிபெயர்த்த வேலை. மாடிப்படியின் நிற்கும் முகத்தில் மட்டும் பூக்கல் ஒட்டுவது, ஊஞ்சல் தொங்கும் இடத்தைத் தரையாலேயே குறிப்பது, பூஜையறை நிலைப்படிக்கு முன் ஒரே ஒரு வரிசை வைப்பது எல்லாம் அந்தப் பக்கம் சேரும். ஆனால் பத்து வடிவங்களைக் கலந்துகட்டி, கண் இளைப்பாற ஓர் அடி இடம்கூட விடாமல், தரையிலும் சுவரிலும் கல்லாப்பெட்டி முகப்பிலும் ஒட்டும் உணவகங்கள் பெருகிவிட்டன. இருநூறு பேர் பந்தி உட்கார்ந்த கூடத்திலேயே வெறுமைக்கு இடம் விட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதை மறந்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

குளியலறையிலும் சமையல் மேடை முதுகுச் சுவரிலும் பதித்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களும் உண்டு. சிமெண்ட் கல் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். எலுமிச்சம்பழச் சாறு, புளித்தண்ணீர், கழிப்பறை அமிலம் எது விழுந்தாலும் வடு நிற்கும். அடுப்படியை வெறும் கல்லோடு நிறுத்திய ஆச்சிமாருக்கு இது தெரிந்திருந்தது.

இப்போது மோர்பி ஆலைகள் ஆத்தங்குடி வடிவத்தை அப்படியே அச்சடித்த பீங்கான் ஓட்டையும் விற்கின்றன. கறை படியாது, விலையும் நேரமும் மிச்சம், ஆயிரம் ஓடு வாங்கினாலும் ஆயிரமும் ஒன்றுபோல இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும்: அச்சடித்ததில் நிறம் மேல்தோலில் மட்டும் இருக்கும், வார்த்ததில் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். பட்டறைக்காரர்களுக்கு இந்தப் போட்டியைவிடப் பெரிய தலைவலி, வாடிக்கையாளர் அந்த ஒரேமாதிரித்தனத்தைக் கைவேலையிலும் எதிர்பார்ப்பது. குழம்பு ஒவ்வொரு முறையும் கையால் கலப்பது. மணலின் ஈரமும் அன்றைய வெயிலும் மாறினால் நிறமும் மாறும். அனுபவப்பட்ட கொத்தனார் வந்த கற்களையெல்லாம் முதலில் பிரித்துப்போட்டு, கலந்து எடுத்துத்தான் பதிப்பார். அப்படிச் செய்தால் ஏற்றத்தாழ்வு அறை முழுவதும் பரவித் தெரியாமல் போகும். பட்டறையில் கல் சொல்லிவைக்கும்போது அளவுக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே சொல்லச் சொல்கிறார்கள். பாதி அறையில் தீர்ந்துபோய் மறுபடி வார்க்கச் சொன்னால், அடுத்த தடவைச் சிவப்பு ஒரு சாயல் தள்ளித்தான் வரும்.